கால் மாத்திரையும் பெற்றோரின் கையெழுத்தும்

தர்மபுரி மாவட்டத்தில் மருந்துக் கடை நடத்தும் என்னைப் போன்றவர்களிடம் தாய்மார்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி, "இதைக் காலா எப்படிண்ணா ஒடைக்கிறது?" என்பதுதான். நடுவில் கோடு போட்ட மாத்திரை இரண்டாக ஒழுங்காக உடையும். அதையே நான்காக்கினால் ஒரு துண்டு பெரிதாகவும், ஒன்று பாதி பொடியாகவும் வந்து நிற்கும். தாளில் ஒட்டிய பொடியைக் கரண்டித் தண்ணீரில் தட்டிவிடும்போது உள்ளே போன அளவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்பூச்சு உள்ள சில மாத்திரைகளையோ உடைக்கவே கூடாது. குழந்தைகளுக்கென்று தனியாகச் சோதித்து, தனியாகத் தயாரித்த மருந்துகள் போதாமல் இருப்பதால் வந்த வினை இது.

குழந்தையின் உடல் பெரியவர் உடலின் சிறிய பதிப்பு என்று எண்ணியதால் நேர்ந்த இழப்புகள் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன. பச்சிளங் குழந்தைகளுக்குக் குளோராம்பெனிகால் கொடுத்தபோது, அதைக் கழிக்கும் அளவுக்குக் கல்லீரல் முதிராததால் உடல் சாம்பல் நிறமாகிச் சில குழந்தைகள் இறந்ததை 1959இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இன்னொன்று எனக்கு இன்றும் வியப்பளிப்பது: கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது நல்லது என்றே நம்பப்பட்டுவந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டபோது, அப்படி ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் 100க்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஏற்றப்படாதவர்களில் 100க்கு ஏழு பேர். ஆய்வு நடக்காதிருந்தால் நல்லெண்ணத்தோடே அந்தத் தவறு தொடர்ந்திருக்கும்.

நமக்கு நெருக்கமானது காசநோய் ஆய்வு. கடுமையற்ற காசநோய் உள்ள குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்துக்குப் பதில் நான்கு மாதம் போதுமா என்று சென்னை, புனே உள்ளிட்ட இடங்களிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் 1,204 குழந்தைகளிடம் சோதித்தார்கள். போதும் என்று தெரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. வாந்தியெடுக்கும் பிள்ளையின் வாயைத் திறந்து தினமும் மருந்து புகட்டும் தாய்க்கு இரண்டு மாதம் மிச்சம் என்பது சாதாரணக் காரியமல்ல.

இவ்வளவுக்குப் பிறகும், "நம்ம புள்ளைய வச்சா சோதிக்கிறாங்க?" என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசித் திட்டம் நடந்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல சிறுமிகளுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சிறுமிகள் சிலர் இறந்ததற்குத் தடுப்பூசி காரணமென்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆயினும் ஒப்புதல் பெற்ற விதத்தை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. எங்கள் மாவட்டத்துச் சித்தேரி மலையில் பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் விட்டிருக்கும் பெற்றோருக்கு இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றாது.

2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகளின்படி பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் ஒப்புதல் தர வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள். பன்னிரண்டுக்கு மேல் அது எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஆனால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் தாயிடம், இலக்கணத் தமிழில் அச்சடித்த பல பக்கப் படிவத்தைப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்கினால், காகிதத்தில் விதி நிறைவேறும். அந்தத் தாய்க்கு ஒன்றும் விளங்கியிருக்காது. என் பார்வையில் இங்கே சரிசெய்ய வேண்டிய முதல் குறை இதுதான்.

ஆகவே, பிள்ளையை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது இவ்வளவே: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கு உள்ள எண்ணைக் கேளுங்கள், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்றும் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். அதைக் கடைக்கு எடுத்து வந்தால், கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.