சப்டைட்டிலை மட்டும் நம்பி அரபுப் பாத்திரங்களை ஆராய முடியாது

2015 அக்டோபரில் 'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு சிரிய அகதி முகாம் வந்தது. உண்மையில் அது பெர்லினில் போட்ட செட். சுவரில் அரபு வாசகங்கள் எழுத அமர்த்தப்பட்ட ஓவியர்கள் 'ஹோம்லேண்ட் இனவெறி பிடித்தது' என்றே எழுதிவைத்தார்கள். யாரும் சரிபார்க்கவில்லை, அப்படியே ஒளிபரப்பானது. அரபி அங்கே படிப்பதற்கான மொழியாக இல்லை, சுவருக்குப் பூசிய வண்ணமாக இருந்தது.

படங்களிலும் தொடர்களிலும் வரும் அரபுப் பாத்திரங்களை ஆராயும் மாணவர்கள் பலர் இதே தவற்றை வேறு வழியில் செய்கிறார்கள். சப்டைட்டில் கோப்பை இறக்கி, சொற்களை எண்ணி, அட்டவணை போட்டுவிடுகிறார்கள். 'அரபியில் பேசுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் வரும் இடத்தில் அந்த மனிதர் கெஞ்சினாரா, திட்டினாரா, தொழுதாரா என்பது எண்ணிக்கையில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் அட்டவணையில் மூன்று கட்டங்கள் வையுங்கள்: அரபி பேசப்பட்டதா, மொழிபெயர்ப்பு தரப்பட்டதா, எந்த வட்டார வழக்கு. மூன்றாவதற்கு அரபி தெரிந்தவர் உடன் உட்கார வேண்டும். ஈராக்கியர் பாத்திரம் மொராக்கோ அரபி பேசுவது, நாஞ்சில் நாட்டுக்காரர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவதுபோல, கேட்டவருக்குத்தான் உறுத்தும்.

'அரபு/முஸ்லிம்' என்று ஒரே கட்டம் வைப்பது இன்னும் பெரிய கேடு. ஈரானியர் பெரும்பாலோர் பாரசீகம் பேசுகிறவர்கள், அரபியர் அல்லர். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களும் லெபனானின் மரோனியக் கிறிஸ்தவர்களும் அந்தக் கட்டத்தில் காணாமலே போவார்கள். இனம், மதம், நாடு மூன்றையும் பிரித்துக் குறியுங்கள். படமே அவற்றைக் குழப்பினால், 'படம் குழப்புகிறது' என்பதற்கும் ஒரு குறியீடு தேவை. அதுதான் உங்கள் கண்டுபிடிப்பாக அமையலாம்.

காட்சிகளைப் பார்த்து இந்தக் கட்டங்களை நிரப்பும் குறியிடுபவர் இருவராவது வேண்டும். காட்சிகளில் ஒரு பகுதியை இருவரும் தனித்தனியே குறித்துவிட்டு ஒப்பிடுங்கள். வெறும் சதவீத ஒற்றுமை ஏமாற்றும்: 100 காட்சிகளில் 90-க்கு விடை 'இல்லை' என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் ஒத்துப்போகும். தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் கணக்கிடும் அளவான கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா (1 என்றால் முழு ஒற்றுமை) 0.8-க்குக் குறைந்தால் குறியீட்டு விதியைத் திருத்தி எழுதுங்கள்.

எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். 1992-இல் திரையரங்கில் ஓடிய டிஸ்னியின் 'அலாதீன்' கார்ட்டூன் படத்தின் தொடக்கப் பாடலில் காதை வெட்டுவதாக வந்த வரி, அரபு அமெரிக்கர்களின் எதிர்ப்பால் 1993 வீடியோவில் மாற்றப்பட்டது. அந்த நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொன்ன சொல்லோ அப்படியே இருந்தது. வீடியோவை மட்டும் வைத்து 1992-ஐப் பற்றி எழுதினால், காதை வெட்டும் வரி இருந்ததே தெரியாது.