‘டியா’வுக்குத் தமிழ்

மலாய் மொழியில் ‘டியா’ என்றால் அவன், அவள், அவர் எல்லாமே. ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் விசாரிப்பதில்லை. ஒரு தமிழ் நாளிதழுக்கு இருபத்தாறு வருடம் தோட்டப்புற நிருபராக இருந்த எனக்கு இந்த ஒரு சொல்லால் வந்த தொல்லை கொஞ்சமல்ல. போலீஸ் அறிக்கை மலாயில் வரும். இரவு எட்டு மணிக்குள் அதைத் தமிழாக்கி பேக்ஸில் அனுப்ப வேண்டும். ‘டியா’ வருகிற இடங்களில் எல்லாம் எதைப் போடுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர் மலேசியாவில், ஈப்போவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மூன்று பக்கம் செம்பனை, நாலாவது பக்கம் ரயில் தண்டவாளம். என் சிறு வயதில் எல்லாம் பால்மரமாக, அதாவது ரப்பராக, இருந்தது. அப்பா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால் எடுக்க மரம் வெட்டப் போவார். பிறகு தோட்டம் கைமாறியது, லயத்து வீடுகள் இடிபட்டன, டவுன் ஓரத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். பகலில் நான் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தேன். நிருபர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, எண்ணிக்கைக்குத்தான் காசு. செய்திக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்), படத்துடன் பத்து. பிலிம் சுருளைக் கவரில் போட்டு ஒட்டி மாலை பஸ் டிரைவரிடம் கொடுத்தால், கோலாலம்பூர் புடுராயாவில் அலுவலகத்துப் பையன் காத்திருந்து வாங்கிக்கொள்வான்.

காலையில் சீனர் காப்பிக் கடையில் எங்கள் கூட்டம் கூடும். நாலு மொழிப் பத்திரிகையும் மேசையில் கிடக்கும். ஓய்வு பெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர் குற்றச் செய்திகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். “பாருங்கள் தம்பி, வேறு யாராவது என்றால் ‘ஆடவர்’. நம் பையன் என்றால்தான் ‘இந்திய ஆடவர்’.” நாட்டு மக்களில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. அந்த ஏழு விழுக்காட்டைப் பத்திரிகையில் பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்துக் காவடிப் படத்தில் பார்க்கலாம், இல்லாவிட்டால் கைவிலங்கோடு பார்க்கலாம். 2001 மார்ச்சில் கோலாலம்பூருக்கு அருகே கம்போங் மேடானில் நடந்த இன வன்முறையில் ஆறு உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கிராணி அன்று வட்டம் போட்டது ‘மோதல்’ என்ற சொல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றாகிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

இதனால் எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. மோட்டார் சைக்கிள் திருடிப் பிடிபட்ட பையனைக்கூட ‘அவர்’ என்றுதான் எழுதுவேன். நீதிமன்றம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லையே, ‘அவர்’ என்று எழுதினால் மை கூடுதலாகவா செலவாகும் என்று துணையாசிரியரிடமே வாதாடியிருக்கிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வத்தின் லட்சணம் 1998-லேயே தெரிந்திருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

அந்த ஆண்டு செப்டம்பரில் துணைப் பிரதமர் பதவியிலிருந்து அன்வார் இப்ராகிம் நீக்கப்பட்டார், பிறகு கைதானார். ‘ஓரினப் புணர்ச்சி’ என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஏறியது அப்போதுதான். நீதிமன்றத்துக்குச் சான்றாக ஒரு மெத்தையையே தூக்கி வந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் கண்ணில் படாமல் பெரியவர்கள் பத்திரிகையை மடித்து அலமாரி மேல் வைத்தார்கள். அன்வாருக்கு விதித்த ஓரினப் புணர்ச்சித் தண்டனை 2004-இல் ரத்தானது, அது வேறு கதை. அந்தச் சில மாதங்களில், ஆணை விரும்பும் ஆண், பெண்ணாக வாழும் ஒருவர் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே வழக்காக, ஒரே வசைச் சொல்லாக ஆகிப்போனார்கள். தலைமையகத்திலிருந்தும் போன் வந்தது: “அந்த மாதிரி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.”

இருந்தது. டவுனில் ஒரு மலிவு ஹோட்டலில் சோதனை நடந்தது. நாலு பேரைப் பிடித்து வேனில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். கோவிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்தவர். என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அவரிடம்தான் மல்லிகை வாங்குவார். அன்று அவர் முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். நான் கேமராவோடு காத்திருந்தேன். வேன் படி உயரம். ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தாக வேண்டும். கையை எடுத்தார், முந்தானை சரிந்தது. அந்தப் படம்தான் அச்சில் வந்தது. பத்து வெள்ளி.

இரவு அறிக்கையைத் தமிழாக்கினேன். ‘டியா’ என்று இருந்த இடங்களில், மோட்டார் திருடனுக்குக் கொடுத்த ‘அவர்’ எனக்கு வரவில்லை. ‘அவன்’ என்று எழுதினேன், அதுவும் தடையில்லாமல். ‘பெர்பக்காயான் வனித்தா’, பெண்ணுடை உடுத்தியவர்கள் என்றுதான் மலாயில் இருந்தது. ‘பெண் வேடத்தில்’ என்று போட்டது நான். போலீஸ் சொல்லாத சொல் அது. துணையாசிரியர் அதையே தலைப்பாக்கினார்.

அவர் மீது கொலையா, கொள்ளையா? 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின்படி, அநாகரிகமாக நடந்துகொண்டதாக ஒரு குற்றச்சாட்டு. அபராதம் கட்டிவிட்டு மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். அதை நான் செய்தியாக்கவில்லை. கோவில் நிர்வாகம் அவரிடம் சாமி மாலை வாங்குவதை நிறுத்தியது, அதையும் எழுதவில்லை. அம்மா மட்டும் வழக்கம்போல் போனார். நானும் சில சமயம் கூடப் போவேன். அக்கா என்பதா, தங்கச்சி என்பதா என்று தெரியாமல் “மல்லிகை ரெண்டு முழம்” என்று பூவிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு வருவேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். முறை வைக்காமல் ஒருவரோடு பதினைந்து வருடம் பேசிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

2014 நவம்பர் 7-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று வந்தது. முஸ்லிம் ஆண்கள் பெண்ணுடை உடுத்தக் கூடாது என்ற நெகிரி செம்பிலான் மாநில ஷரியா சட்டப் பிரிவு, அரசியலமைப்புக்கு முரணானது என்றது தீர்ப்பு. மூன்று திருநங்கையர் தொடுத்த வழக்கு. (மறு ஆண்டு அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்கைத் தொடங்கிய முறை சரியில்லை என்று அதை ரத்து செய்தது.) நான் ‘திருநங்கை’ என்று எழுதிய முதல் செய்தி அது. அந்தச் சொல் எங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இப்போது அங்கே அரசிதழிலேயே, 2022-இல், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இப்படிப்பட்டவர்களை மரியாதையாகக் குறிக்க ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறார்கள். அதில் உள்ள ‘பால்புதுமையர்’ (ஆங்கிலத்தில் ‘குயர்’) என்ற சொல்லை எங்கள் அடுக்கு வீட்டுப் படிக்கட்டில் எப்படிச் சொல்லிப் பழகுவது என்று எனக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கிறது. ஆனால் ‘அவர்’ என்ற சொல்லுக்கு யாரும் அரசிதழ் போட வேண்டியிருக்கவில்லை. அது என் பேனாவிலேயே இருந்தது.

மறுநாள் பத்திரிகையோடு பூக்கடைக்குப் போனேன். அவர் இந்து, அந்தச் சட்டம் அவரைத் தொடாது. இருந்தாலும் போனேன். வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டே முழுச் செய்தியையும் படித்தார்.

“நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அண்ணே.”

அந்த ‘அண்ணே’ எனக்கு உறைத்தது. பழைய செய்தியைப் பற்றி நானே ஆரம்பித்தேன். அவர் தலை நிமிரவில்லை.

“‘அவன்’ என்று எழுதினீர்கள், அது போகட்டும். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. ‘வேடம்’ என்று எழுதினீர்களே, அதுதான். வேடமாக இருந்தால் அன்றைக்கே கலைத்துவிட்டு, சாமி மாலை கட்டப் போயிருப்பேனே.”

என்னிடம் பதில் இல்லை. ஒரு முழம் பூவை அளந்து, பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் மடித்து நீட்டினார். காசு வாங்கிக்கொண்டார்.

2016 தைப்பூசத்துக்கு முன்னால், மாலை கட்டுபவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வாய்ப்புக் கிடைத்தது. முதலில் அவரிடம்தான் போனேன். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, “என்ன பெயர் போடட்டும், தங்கச்சி?” என்று கேட்டேன். எனக்கே குரல் சற்று விநோதமாக ஒலித்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“பெயர் வேண்டாம், படமும் வேண்டாம். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் சரியாகப் போடுங்கள். அந்தத் தடவை அதைக்கூடத் தப்பாகத்தான் போட்டிருந்தீர்கள்.”

வீட்டுக்கு வந்து பழைய நறுக்கை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். தெருவும் தப்பு, வயதும் தப்பு.

கட்டுரை ஞாயிறு பதிப்பில் வந்தது. தெருவைச் சரியாகப் போட்டிருந்தேன். வயதில் மட்டும் மறுபடி இரண்டு கூடிவிட்டது. அதற்கு வாங்கிய திட்டு, பூ வாங்க வந்த எல்லார் காதிலும் விழுந்தது.