சில்லாலைக்குப் போகும் வழியில்

யாழ்ப்பாணத்திலிருந்து சில்லாலைக்குப் புறப்பட்டால், ஆனைக்கோட்டை தாண்டியதும் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் இறங்காமல் போக எனக்கு மனம் வருவதில்லை. 1995 ஜூலை 9 அன்று, இராணுவ முன்னேற்றத்துக்குப் பயந்து ஓடிவந்த சனங்கள் இந்த வளவில்தான் ஒதுங்கியிருந்தார்கள். விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பக்கத்து முருகன் கோவிலும் தப்பவில்லை. ஆண்டவரே என் அடைக்கலம் என்று பாடும் சங்கீதத்தை இங்கே நின்று சொல்வது இலேசான காரியமல்ல. நான் பரலோக மந்திரம் மட்டும் சொன்னேன். அதிலும் "உம்முடைய சித்தம்" என்ற வரியைக் கடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு பண்டத்தரிப்பு வழியாகச் சில்லாலை. கதிரை அன்னை என்று மரியன்னையை வணங்கும் ஊர். புனித யோசவ் வாஸ் அடிகள் ஒல்லாந்தருக்கு மறைந்து பணிசெய்த ஊர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களுக்கு இடம் கொடுப்பவர்களுக்கு மரணதண்டனை என்று சட்டம் போட்டிருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்த அடிகள், கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையை யார் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் தம்மவரை அடையாளம் கண்டாராம். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம், நியாயந்தான்.

ஆனால் எனக்கு அவரைவிட அந்தச் சனங்கள்மீதே வியப்பு. 1658க்கும் 1687க்கும் இடையில் பிறந்து, பூசை என்றால் என்னவென்று கண்ணால் காணாமலே பிள்ளை பெற்றவர்கள் அந்த ஊர்களில் இருந்திருப்பார்கள். ஒருவர் வருவார் என்று அவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் மாலையைக் கண்டதும் அது என்னவென்று தெரிந்திருக்கிறது! தாயோ பேத்தியாரோ இரவில் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நம்முடைய மறையுரைகளில் அந்தப் பேத்திமாருக்கும் ஓர் இடம் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆலயத்தில் ஓர் அம்மா மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். காற்று இரண்டு தரம் அணைத்துவிட்டது. முன்பே எரிந்து வழிந்திருந்த மெழுகில் திரியை அழுத்தி நிறுத்தி, கையால் மறைத்துக் கொளுத்தினார். மகன் பிரான்சில் அகதி வழக்குக்காகக் காத்திருக்கிறானாம். இரண்டு தரம் நிராகரித்துவிட்டார்கள். இங்கே அவருக்கு எரிவாயு விலை, மருந்து விலை, சீட்டுக் காசு என்று வேறு கவலைகள்.

"மாதா கேட்பா என்று நம்பிக்கையா அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவவுக்கும் ஒரு மகன் இருந்தவர்தானே, தம்பி" என்றார். பிறகு, மகனுடைய புதிய சட்டத்தரணி கேட்ட பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்தில் நல்ல ஆள் யாரென்று விசாரித்தார். எனக்குத் தெரிந்த ஒருவரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன்.