உருண்டு வந்த கல்லும் என் வரைபடமும்

முதுகலை ஆய்வேட்டுக்காகக் கோத்தகிரியை ஒட்டிய ஒரு சிறு பகுதிக்கு நிலவியல் வரைபடம் தயாரித்தேன். நீலகிரியில் இந்த வேலையின் பெருஞ்சிரமம், பாறை எளிதில் கண்ணில் படாததுதான். மேலே தேயிலை, அதன்கீழ், பாறை மக்கி உருவான செம்மண் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. ஆகவே சாலைக்காக மலையை வெட்டிய இடங்களையும் ஓடைகளையும் தேடி நடந்தேன்.

பாறை கிடைத்தால், சுத்தியலால் ஒரு சில்லைப் பெயர்த்துப் புது முறிவை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். இங்கே பரவலாக உள்ள சார்னோகைட் என்ற பாறை, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கரும்பச்சை நிறத்தில் முறியும். சில இடங்களில் கார்னெட் என்ற கனிமத்தின் மணிகள் சிவப்பாகத் தெரியும். (சார்னோகைட் என்பது, கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர்.) பிறகு, சுத்தியலின் இரும்பு திசைகாட்டியின் முள்ளை இழுக்காதபடி அதைத் தள்ளி வைத்துவிட்டு, கனிமப் பட்டைகள் ஓடும் திசையையும் சாயும் கோணத்தையும் திசைகாட்டியால் அளந்து, 1:50,000 அளவுத்தாளில் குறிக்க வேண்டும். அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர் என்பதால், பென்சில் கோட்டின் தடிமனே ஒரு தோட்டத்தை விழுங்கிவிடும்.

நான் அளந்த பட்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில் ஓட, ஆளுயரப் பாறை ஒன்றில் மட்டும் அவை குறுக்கே ஓடின. அங்கே பாறை உடைந்து நகர்ந்த பிளவு இருக்கலாம் என்று முழுக்கோடு ஒன்றை வரைந்துவிட்டேன். தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெரியவர், "அது இங்க இருந்த கல்லு இல்ல தம்பி, 2009 மழையில மேல இருந்து வந்தது" என்றார். அன்று மாலையே கோட்டை அழித்தேன். அதன்பின், கண்ணால் கண்ட எல்லைக்கு மட்டுமே முழுக்கோடு. ஊகித்ததற்கு விட்டுவிட்டு வரையும் கோடு. இந்த வேறுபாட்டை மறைக்கும் வரைபடத்தை நம்பி ஒரு வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவதுகூட ஆபத்து என்றே கருதுகிறேன்.

எனினும் அந்தக் கல் வீணாகவில்லை. மண்சரிவு அபாய வரைபடத்துக்குப் பாறையின் வகையோடு சரிவின் செங்குத்து, மண்ணின் தடிமன், நீர் வடியும் வழி, முன்பு சரிந்த இடங்கள் எல்லாம் தேவை. பெரியவரை மீண்டும் சந்தித்து, "ஐயா, அது வந்த வழியைக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே, இப்போது சவுக்கு வளர்ந்திருக்கும் ஒரு பள்ளத்தின் வழியே மேலே கூட்டிச் சென்றார். கல் பெயர்ந்த இடம் ஓர் ஊற்றின் தலைமாட்டில் இருந்தது. மண்சரிவுக்கென வைத்த இரண்டாவது தாளில் அந்தப் பாதை முழுவதையும் முழுக்கோட்டால் வரைந்தேன்.