மூணு எஃபெக்ட், ஒரே டப்பா

நோம்பி கச்சேரி மேடையில கிட்டார் வாசிச்சவங்களுக்குத் தெரியும், குடுக்கறது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்டு, அதுவும் ஜெனரேட்டர் கரண்ட்டு, கீழ இருட்டுல எந்த பேட்ச் கேபிள் எங்க போகுதுன்னு தடவிட்டு இருக்கறதுக்குள்ள பாடகர் அடுத்த பாட்ட எடுத்துருவாரு. அதுக்கோசரம்தான் கிட்டார் சவுண்ட மாத்தற எஃபெக்ட் பெடலுங்க, ஃபஸ் (சவுண்ட நல்லாக் கரகரன்னு ஒடைக்கறது), ஓவர்டிரைவ் (கொஞ்சமா ஒடைக்கறது), டிலே (எதிரொலி) மூணையும் ஒரே டப்பாவுக்குள்ள கட்டிரலாம்னு எறங்குனது.

டப்பாவுக்குத்தான் வெளியூர்க்காரங்க பொலம்புவாங்க. மூணு சுவிட்சு வரணும்னா ஹேமண்ட் கம்பெனியோட 1590டிடி ரெடிமேடு டப்பா மாதிரி 188க்கு 120 மில்லிமீட்டராவது வேணும், அத வரவழைக்கற காசுக்கு உள்ள போடற பார்ட்ஸெல்லாம் வாங்கிரலாம். நம்ம கோயமுத்தூர்ல அந்தக் கவல இல்லீங்க, கணபதிப் பக்கம் எந்தச் சந்துல திரும்புனாலும் ஒரு பட்டறை. அலுமினிய ஷீட்ட மடிச்சுக் குடுத்த அண்ணன் "என்ன கண்ணு, மோட்டார் ஸ்டார்ட்டருக்கா?"ன்னாரு. "இல்லீங்ண்ணா, கிட்டாருக்கு, காலுல மிதிக்கறது"ன்னு சொன்னதும், "மிதிக்கறதுன்னா ரெண்டு மில்லி ஷீட்டாப் போட்டுக்க, இல்லீன்னா குழி உழுந்துரும்"னு அவரே முடிவு பண்ணிட்டாரு. சுவிட்சுக்கு 12 மில்லி ஓட்டையும் அங்கயே போட்டாச்சு. பவுடர் கோட்டிங் பண்ணுனா உள்பக்கம் இன்புட் ஜாக் உக்கார்ற எடத்துல மட்டும் பெயிண்ட்டச் சுரண்டி விட்ருங்க, டப்பாவுக்கு கிரவுண்டு அங்கதான் கெடைக்கணும், அந்த ஒரு எடத்துல மட்டும்.

தனித்தனியா அருமையா வேல செய்யற சர்க்யூட்டு, ஒண்ணாச் சேத்து வெச்சா சண்ட போடும். காரணம் பெரும்பாலும் பவர்தான். டிலேயில இருக்கற பிடி2399 சிப்புக்குள்ள ஒரு கிளாக் (விடாமத் துடிக்கற சிக்னல்) ஓடிட்டே இருக்கும், அந்த இரைச்சல் 9 வோல்ட் லைன்ல ஏறி ஃபஸ்ஸுக்குள்ள போயிருச்சுன்னா, ஃபஸ்ஸு எதக் குடுத்தாலும் பெருசாக்கறதுதான் வேலைங்கறதால, கொசு காதுகிட்ட கத்தற மாதிரி கீய்ங்குன்னு கேக்கும். அதனால அந்த இரைச்சல வடிகட்ட ஒவ்வொரு போர்டுக்கும் பவர் உள்ள போற எடத்துல 100 ஓம் ரெசிஸ்டர், பின்னாடி கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். ஆனா டிலேக்கு இந்த 100 ஓம் ஆகாது. அது 30 மில்லிஆம்ப் வரைக்கும் இழுக்கும், 3 வோல்ட் ரெசிஸ்டர்லயே போயிரும், மிச்சம் 6 வோல்ட்ட வெச்சுட்டு, சிப்புக்கு பவர் குடுக்கற 78எல்05 ரெகுலேட்டர் ஒழுங்கா 5 வோல்ட் தராது. அங்க 10 ஓம் போட்டாப் போதும்.

வரிசையில ஃபஸ்ஸுதான் மொதல்ல, கிட்டாருக்கு நேரா. அதோட இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வர்ற சிக்னலுக்குக் காட்டற எதிர்ப்பு) ரொம்பக் கம்மி, கிட்டார் கம்பிக்குக் கீழ இருக்கற பிக்கப்போட ஒட்டி ஒறவாடித்தான் அந்த சவுண்டே வருது, நடுவுல ஒரு பஃபர் (சிக்னல வாங்கி அப்படியே தள்ளி விடற சர்க்யூட்டு) வந்தா சவுண்டு காரமாயிரும், கிட்டார் வால்யூமக் கொறச்சு கிளீன் பண்ற சுகமும் போயிரும். பழைய ஃபஸ் ஃபேஸ் பெடல்ல வர்ற ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் மேல எனக்கும் ஆசதான், ஆனா அது பாசிட்டிவ் கிரவுண்டு, பிளஸ்ஸுதான் கிரவுண்டோட சேரும், மத்த ரெண்டோட பவரப் பங்கு போட்டுக்காது, அதனால பேசாம சிலிக்கான் டிரான்சிஸ்டர் பிசி108. ஓவர்டிரைவுக்கு டியூப் ஸ்கிரீமர் பெடல் வகையறா, 4558 ஆப்-ஆம்ப் சிப்பு, அதுல புதுசாச் சொல்ல ஒண்ணுமில்ல.

டிசி ஜாக் மட்டும் பிளாஸ்டிக்காப் பாத்து வாங்குங்க. பெடல் அடாப்டரு சென்டர் நெகட்டிவ், வெளிப்பக்கம்தான் பிளஸ். மெட்டல் ஜாக்க மாட்டுனா 9 வோல்ட்டும் நேரா டப்பாவுல ஷார்ட்டு.

கீபோர்டு வாசிக்கற தம்பி பாத்துட்டு, "ஏனுங்ண்ணா, இன்னும் எடம் இருக்குதே, ட்ரெமோலோவும் போட்ரலாமுங்களா?"ங்கறான். எடம் இருக்குது, ஆனா ட்ரெமோலோவுல சவுண்ட ஏத்தி எறக்கற எல்எஃப்ஓ (மெதுவா ஆடற ஆசிலேட்டர்) பவர் லைன்ல டிக் டிக்குன்னு அடிக்கும், பக்கத்துலயே ஃபஸ்ஸு வேற. அதுக்கு வேற டப்பாதான் தம்பின்னுட்டேன்.