இலையுதிர் காலத்தின் வரவு

கோடையின் நீண்ட பகல்கள் முடிவதை எண்ணிப் பலர் வருந்துகிறார்கள். எனக்கோ அவை முடியும் நாளின் மீதுதான் ஆவல். வட அரைக்கோளத்தில் பெரும்பாலும் செப்டம்பர் 22 அல்லது 23 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. பகல் மிக வேகமாகக் குறைவதும் அந்த நாட்களில்தான். 45 பாகை அட்சரேகையை ஒட்டிய இடங்களில் நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடம் என்ற கணக்கில், ஒரே வாரத்தில் 20 நிமிட வெளிச்சம் போய்விடுகிறது. அதை இழப்பாக நான் கருதவில்லை. வெளியே சென்றாக வேண்டும், பொழுதை வீணாக்கக் கூடாது என்று கோடை முழுவதும் நெருக்கிக்கொண்டிருந்த அவசரம், இருட்டு முன்னதாகவே வந்துவிடுவதால் தானாகவே அடங்கிவிடுகிறது.

மரங்களும் இப்படித்தான் அடங்கிக்கொள்கின்றன, நம்மைவிடப் பன்மடங்கு பொறுப்பாக. பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் அப்போது வெளிப்படுகிறது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனினோ பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி அளவுக்குப் போகாத குளிரும் தொடர்ந்து கிடைத்தால், மேப்பிள் மரங்களின் சிவப்பு கண்ணைப் பறிக்கும். இதற்கிடையே இலையிலிருக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கை மரம் கிளைகளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு, காம்பின் அடியில் இலை கழன்று விழ வழிசெய்யும் ஒரு பிரிவுப் படலத்தை உருவாக்குகிறது.

உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து அதன் காம்பு நுனியைப் பாருங்கள். கிழிந்த தடம் இருக்காது. சீராகக் கழன்ற ஒரு முனைதான் தெரியும். அது நின்றிருந்த கிளையிலும் அதே அளவில் ஒரு சிறு தழும்பு இருக்கும், இலைக்கு நீர் கொண்டு சென்ற நார்க்குழாய்கள் அடைபட்ட புள்ளிகளோடு. அந்தத் தழும்புக்குச் சற்று மேலே, செதில்கள் மூடிய சிறு மொட்டு ஒன்று கெட்டியாக அமர்ந்திருக்கும். அடுத்த வசந்தத்தின் தளிர் அதற்குள் முன்பே உருவாகிவிட்டது. வாடிப்போன பருவம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த மொட்டைக் காட்டத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் கிடைக்கும் சுகங்களும் சாதாரணமானவை அல்ல. பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியை முதல் முறை தோளில் போட்டுக்கொள்ளும் நொடி எனக்கு மிகவும் பிடித்தமானது. சுருண்ட இழைகளுக்கிடையே சிக்கிய காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது என்பதால், கனத்தைவிட அதன் பொசுபொசுப்பே முக்கியம். புழுக்கம் போன அறையில் உறக்கம் ஆழமாக வருகிறது. மாலையிலேயே விளக்கை ஏற்றிவிட்டு, பாதியில் நின்ற தடித்த புத்தகத்தை மறுபடியும் கையிலெடுப்பதற்கும் இதைவிடத் தோதான காலம் கிடையாது.

தோட்டத்து மூலையில் சேரும் சருகுகளை இந்த ஆண்டும் வாராமல் விட்டுவிடப் போகிறேன். கூட்டுப்புழுக்களும் வண்டுகளும் அவற்றின் அடியில் குளிர்காலத்தைக் கழிக்கட்டும். நடைபாதையில் விழுபவை மட்டும் ஈரத்தில் வழுக்கும் என்பதால், அவற்றை அவ்வப்போது கூட்டி அதே மூலையில் சேர்த்துவிடுவேன்.