ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வருகிற தங்கச்சி ஒருத்தி, ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒட்டியிருந்த வசன ஸ்டிக்கரைப் போன மாதம் சுரண்டி எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "ரோட்டுல குறுக்க வர்ற ஆட்டோக்காரர்கிட்ட கத்திட்டு, 'கர்த்தர் நல்லவர்'னு போட்ட வண்டில போக வெக்கமா இருக்கு அக்கா. என்னால கர்த்தருக்கு அவமானம் வேண்டாம்" என்றாள்.

அவள் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவள் செய்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. குறை இருக்கிறவர்கள் எல்லாரும் விசுவாசத்தை மறைத்து வைக்க வேண்டும் என்றால், இந்த நெல்லைச் சீமையில் ஒரு கிறிஸ்தவக் கோயில் மணிகூட அடிக்க முடியாது.

எங்கள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். இப்போது அந்தக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லாவுக்கு மேலே, வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி, நீதிமொழிகள் பதினோராம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எழுதி மாட்டியிருந்தார்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." அப்படி ஒரு வசனத்தை மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்வது லேசான காரியம் இல்லை. பருப்பு நிறுக்கும்போது வாங்க வந்தவர் ஒரு பார்வை வசனத்தையும், ஒரு பார்வை தராசு முள்ளையும் பார்ப்பார். அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "பார்க்கட்டும், அதுக்குத்தான மாட்டிருக்கு" என்பார். இப்போது மின்னணுத் தராசு வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட்டு வாங்க வேண்டும். எண் தெரிகிற பக்கத்தை ஆட்களைப் பார்த்துத் திருப்பி வைக்கிற பழக்கம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது.

எடையில் அப்பாவை யாரும் குறை சொன்னதில்லை. அவருடைய குறை கோபம். சட்டென்று ஏறும், வார்த்தை தடிக்கும். ஒருநாள் லாரியில் வந்த சரக்கை இறக்கி முடித்ததும், சீனியில் ஒரு மூட்டை குறைகிறது என்று மூட்டை இறக்கின அண்ணாச்சியைக் கடை வாசலில் வைத்து ஏசினார். "எங்க எறக்குனீரு? யாருக்குக் கொடுத்தீரு?" என்று. அந்த மனிதர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். சாயங்காலம் பில்லை எடுத்துப் பார்த்தால் சரக்கு சரியாகத்தான் வந்திருந்தது. ஐந்தை ஆறு என்று அப்பாதான் வாசித்திருக்கிறார்.

அம்மா சொன்னது நியாயமான யோசனைதான். "ராத்திரி வீட்டுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு, கூலில கொஞ்சம் கூடக் குடுத்துட்டு வாங்க." அப்பா கேட்கவில்லை. "ஏசினது நாலு பேரு முன்னாடி. வீட்டுக்குள்ள போயி மெதுவா மன்னிப்புக் கேட்டா அவரு திருடன்னு நெனச்ச நாலு பேருக்கு எப்படித் தெரியும்?" மறுநாள் காலை, கடையில் கூட்டம் சேருகிற வரைக்கும் காத்திருந்தார். அந்த அண்ணாச்சி டீக்கடைப் பக்கம் வந்ததும் கல்லாவை விட்டு இறங்கிப் போனார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "நேத்து ஒங்கள ஏசினது என் தப்பு அண்ணாச்சி. மூட்டை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கணக்கைத் தப்பாப் பாத்தேன். மன்னிச்சிருங்க" என்றார். அவர் கூச்சப்பட்டு, "அத விடுங்க மொதலாளி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் வாங்க வந்து நின்ற பெண்கள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகும் மன்னிப்புக் கேட்டார். கோபங்களுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது என்பதை நாங்கள் பிள்ளைகள் பார்த்தோம்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர், "உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, தர்மம் செய்யும்போது உன் முன்பாகத் தாரை ஊதுவியாதே என்கிறார். அப்பா இரண்டையும் பிரித்து வைத்திருந்தார். பற்று நோட்டில் யாருடைய பாக்கியை அடித்துவிட்டார் என்பது அவர் இறந்தபின் அந்த ஆட்கள் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தப்பை மட்டும் ஊரறியச் சொன்னார். நாம் மாற்றிச் செய்கிறோமோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த மின்விசிறி இறக்கையில் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டோடு பேசாமல் இருக்கிற வருஷங்களை யாரும் எழுதி வைப்பதில்லை.

வேதத்தில் இருக்கிறவர்கள் யாருடைய குறையும் மறைக்கப்படவில்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீஷன் பேதுரு, சேவல் கூவினபோது அழுததைத்தான் அடிக்கடி பிரசங்கத்தில் கேட்கிறோம். அதைவிடக் கூச்சம் தருகிற இடம் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பரிசுத்த ஆவியைப் பெற்ற பிறகு, சபைக்குத் தூணாக எண்ணப்பட்ட பிறகு, அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் மூப்பர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிவிடுகிறார். பவுல் "முகமுகமாய்" எதிர்க்கிறார், அதுவும் எல்லாருக்கும் முன்பாக. இது நடந்தது சாப்பாட்டுப் பந்தியில் என்பது நம்மைச் சுட வேண்டும். 1820இல் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து, தம்முடைய பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றபோது எதிர்ப்பு வந்ததும் இந்த மண்ணில்தான். கல்யாணப் பேச்சு வரும்போது இன்றைக்கும் ஞானஸ்நானத்தை மறந்து சாதியைக் கேட்கிற வீடுகள் நம் சபைகளில் இருக்கின்றன. பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கிறார்கள்.

நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, பிற்பாடு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயர் ஆனவர், 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசினதை இங்கே சொல்ல வேண்டும். மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. அவர்களுடைய தியாகத்தையும் அவர் மறுக்கவில்லை, அவர்கள் வைத்த தூரத்தையும் மறைக்கவில்லை. அவர்களிடம் குறை இருக்கிறது என்பதற்காக அவர்கள் கொண்டுவந்த சுவிசேஷத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. அந்த மனசு எனக்கு வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான்: ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டு. அடுத்த தடவை கத்திவிட்டால், வண்டியை ஓரம் கட்டி இறங்கி, அந்த ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை சொல். வசனம் வண்டியில் இருக்கிறதனால்தான் உனக்கு வெட்கம் வந்தது. அந்த வெட்கம் நல்லது, அதை வேண்டாம் என்று சொல்லாதே. "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்று பவுல் எழுதினது நம்மை மாதிரி ஆட்களுக்குத்தான்.

இனி எங்கள் சபை விஷயம். கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு இரண்டு குடும்பமும் முழங்கால் போடுகிறது, ஒரு குடும்பம் எழுந்து போகிறவரை மற்றது பின்னால் நிற்கிறது. சபைக்கு வராத அக்கம்பக்கத்தாருக்கும் இது தெரியும். கோயிலைப் பிரதிஷ்டை பண்ணின நாளை நினைக்கிற பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் வருகிறது. ஊரே வந்து சாப்பிடுகிற சாப்பாடு அது. எந்த மதம் என்று பார்க்காமல் எல்லாரையும் உட்காரவைத்துச் சோறும் கறிக்குழம்பும் போடுவோம், தூக்குச்சட்டி கொண்டு வருகிறவர்களுக்கு வீட்டுக்கும் கொடுத்துவிடுவோம். அந்த இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே பந்தியில், ஒருவர் சோறு போட, ஒருவர் குழம்பு ஊற்ற வேண்டும் என்று சங்கத்தில் சொன்னேன். அதற்கு முன்னால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் மனம்விட்டுப் பேச வேண்டும் என்றும் சொன்னேன். பேசாமல் வந்து கரண்டி பிடித்தால் அது வெறும் வேஷம்.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லிவிட்டோம். ஒரு வீட்டுப் பெரியவர் சரி என்றுவிட்டார். மற்ற வீட்டுக்கு வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.